பள்ளிக்குச் செல்போன்: விதியில் இருக்கும் தப்பான வினைச்சொல்

தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்கள் செல்போன் கொண்டு வரக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அது மீறப்படுவதும் எல்லாருக்கும் தெரியும். விதி சரி, அமல்படுத்துவதுதான் சரியில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம். விதி எழுதப்பட்ட விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நான் கல்வியாளன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் யாருக்கு எதைத் திறக்கலாம், எதை மூடணும், எவ்வளவு நேரத்துக்கு, மீறினால் என்ன என்று விதி எழுதுவது என் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் செல்போன் தொடர்பான அறிவிப்புகள், குழு அறிக்கை, நீதிமன்ற உத்தரவு, வெளிநாட்டுச் சட்டம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு சின்ன வேலை செய்தேன். ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டேன். எதைச் செய்யக் கூடாது என்கிறது இந்த விதி?

பதில் இரண்டு வகையாகப் பிரிந்தது. ஒன்று, 'பயன்படுத்தக் கூடாது'. இன்னொன்று, 'கொண்டு வரக் கூடாது'. கேட்க ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் முதல் விதியை நிறைவேற்ற வேண்டியது பள்ளி. இரண்டாவது விதியை நிறைவேற்ற வேண்டியது பிள்ளையும் அதன் வீடும். பள்ளிக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது, பிடித்து வாங்கிக்கொள்வதைத் தவிர.

விதிகள் சொல்வது என்ன

நம் பக்கத்தில் இருந்து தொடங்குவோம். 2022-ல் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, மாணவர்கள் செல்போன் கொண்டு வந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்பட மாட்டாது என்று சொன்னார். கொரோனா முடிந்து பள்ளிகள் முழுதாகத் திறந்த நேரம் அது. வகுப்பறை ஒழுங்கீனம் பற்றிய வீடியோக்கள் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. கோபம் நியாயமானது. ஆனால் வினைச்சொல் 'கொண்டு வந்தால்'. தண்டனை 'திருப்பித் தர மாட்டோம்'.

பிரான்ஸைப் பாருங்கள். உலகத்திலேயே கடுமையான செல்போன் தடை என்று நம் ஊர் டிவி விவாதங்களில் அடிக்கடி உதாரணம் காட்டுவது 2018 ஆகஸ்டில் வந்த பிரெஞ்சுச் சட்டத்தைத்தான். அந்தச் சட்டம் தடுப்பது 'பயன்பாட்டை'. தொடக்கப் பள்ளியிலிருந்து சுமார் 15 வயது வரையான நடுநிலைப் பள்ளி வரை, வளாகத்துக்குள் மாணவர் போனைப் பயன்படுத்தக் கூடாது. பையில் அணைத்து வைத்திருப்பது குற்றமில்லை. பாடத்துக்காகப் பயன்படுத்துவதற்கும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் விலக்கு எழுத்திலேயே இருக்கிறது. தென் கொரியா 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டமும் வகுப்பு நேரத்தில் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது.

இந்தியாவில் இதைப் பொறுமையாக யோசித்து எழுதிய ஆவணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: 2025 பிப்ரவரி 28-ல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி கொடுத்த உத்தரவு. கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவர் பள்ளியில் போன் பயன்படுத்திய வழக்கு அது. ஒட்டுமொத்தத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்துவரக்கூடியதும் இல்லை என்றது நீதிமன்றம். பிறகு சில வழிகாட்டுதல்களைத் தந்தது. கொண்டு வருவதைத் தடுக்காமல் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துங்கள். வசதி உள்ள பள்ளிகள் காலையில் போனை வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கட்டும். வகுப்பறையில் பயன்பாடு கூடாது. பொது இடங்களிலும் பள்ளி வாகனத்திலும் கேமரா, பதிவு கூடாது. பாதுகாப்புக்கும் பெற்றோரோடு தொடர்புக்கும் இடம் கொடுங்கள், பொழுதுபோக்குக்கு வேண்டாம். விதியைப் பெற்றோர், ஆசிரியரோடு கலந்து எழுதுங்கள். மீறினால் என்ன நடக்கும் என்பது வெளிப்படையாக இருக்கணும், மிகக் கடுமையாக இருக்கக் கூடாது. பறிமுதல் என்றால் இத்தனை நாள் என்று கணக்கு இருக்கணும்.

இதையும் 'திருப்பித் தர மாட்டோம்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் புரியும். ஒன்று விதி. இன்னொன்று மிரட்டல்.

போன் ஏன் பைக்குள் வருகிறது

சரி, பிள்ளைகள் ஏன் கொண்டு வருகிறார்கள்? ரீல்ஸ் பார்க்க, கேம் ஆட என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத் தூத்துக்குடியின் வேலை நேரத்தைப் பார்க்கணும்.

இங்கே விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. ஒரு விசைப்படகுத் தொழிலாளி வீட்டில், பள்ளி நாள் முழுக்க அப்பா கடலில் இருக்கிறார். உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயில் ஏறும் முன்னே வேலையை முடிக்க வேண்டியிருப்பதால் விடியும் முன்னாடியே கிளம்பிவிடுகிறார்கள். நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இருட்டில் உப்பு வாரும் பெண்களை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வ.உ.சி. துறைமுகத்திலும் அதை ஒட்டிய கண்டெய்னர் யார்டுகளிலும் ஷிஃப்ட் வேலை. லாரி ஓட்டுகிறவர் எந்த ராத்திரி வீட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

இப்படி ஒரு வீட்டில், பழையகாயல் பக்கமிருந்தோ தருவைகுளம் பக்கமிருந்தோ பஸ் ஏறி டவுனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை சிறப்பு வகுப்பு முடிய நேரமாகிறது. பஸ் வருமா வராதா என்று நிச்சயமில்லை. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். பொது டெலிபோன் பூத்துகள் தெருவில் இருந்த காலம் போய்விட்டது. ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் சிவப்புப் பெட்டியும் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை. ஆனால் விதி மட்டும் அந்தப் பெட்டி இன்னும் பெட்டிக்கடை வாசலில் தொங்குவது போலவே பேசுகிறது.

இன்னொன்று. கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட 2024 ஏசர் கணக்கெடுப்பின்படி 14 முதல் 16 வயது வரையான பிள்ளைகளில் சுமார் 89 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. 82 சதவீதம் பேருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். ஆனால் அப்படித் தெரிந்தவர்களில் சொந்தமாக போன் வைத்திருப்பவர்கள் 31 சதவீதம்தான். பையன்களில் 36, பெண் பிள்ளைகளில் 27. இது இந்தியா முழுமைக்குமான கிராமக் கணக்கு. ஆனால் இதில் இருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பையில் வரும் போன் பல நேரம் பிள்ளையின் போன் இல்லை. அம்மாவுடையது, அண்ணனுடையது. மீன் ஏலம் எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்பதும், குழுக் கடன் தவணை மெசேஜ் வருவதும், கேஸ் புக் பண்ணுவதும் அதே போனில்தான். அதைப் பள்ளி எடுத்து வைத்துக்கொண்டு 'தர மாட்டேன்' என்றால் தண்டனை பிள்ளைக்கு இல்லை, வீட்டுக்கு.

பெட்டிக்கடை ஆச்சி நடத்தும் பாதுகாப்புப் பெட்டகம்

நம் ஊரில் ஒரு பள்ளி வாசலுக்கு எதிரே (எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை) ஒரு பெட்டிக்கடை. காலை எட்டே முக்காலுக்கு ஏழெட்டுப் பையன்கள் வந்து போனை அணைத்துக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். ஆச்சி ஒவ்வொன்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, எது யாருடையது என்று துண்டுச் சீட்டில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார்.

"எவ்வளவு வாங்குவீங்க ஆச்சி?"

"அஞ்சு ரூவா. சில பிள்ளைய காசு இல்லன்னா மிட்டாய் வாங்கும்போது குடுத்துரும். வாங்கி வைக்காம என்ன செய்ய தம்பி? உள்ள கொண்டு போனா புடுங்கிருவாவ. வீட்டுல வச்சிட்டு வந்தா சாய்ங்காலம் அவுக அம்மா தேடுவா."

"தொலைஞ்சு போச்சுன்னா?"

"இதுவரை போகல. போனா எந்தலைதான்."

எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அரசின் விதியில் பதில் இல்லை, பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. டெல்லி நீதிமன்றம் சொன்ன வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் முறை இங்கே ஏற்கனவே நடக்கிறது. பள்ளி காம்பவுண்டுக்கு வெளியே, ரசீது இல்லாமல், காசுக்கு. அஞ்சு ரூபாய் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? சாக்ஸுக்குள் வைத்து உள்ளே கொண்டு போகும்.

தடை என்று எழுதிவிட்டால் பொருள் மறைந்துவிடாது. கணக்கில்தான் மறையும். சாஃப்ட்வேரில் இதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். ஆபீஸில் ஒரு வசதியை முழுசாக மூடினால் ஆட்கள் சொந்த மெயிலில் ஃபைலை அனுப்ப ஆரம்பிப்பார்கள். அதுவரை நம் கண்ணில் பட்டது, அதன் பிறகு நம் கண்ணுக்கே தெரியாது.

ஆசிரியர் பக்கத்து நியாயம்

இதை எல்லாம் படிக்கும் ஆசிரியர் ஒருவருக்குக் கோபம் வரலாம். வகுப்பில் நிற்பது அவர். நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் அறையில் ஒரு போன் சத்தம் போட்டால் அந்தப் பீரியடே போச்சு. பாடம் நடத்துவதை ஒளித்து எடுத்து, கேலிப் பாட்டுப் போட்டு வெளியிடுகிறார்கள். சக மாணவியின் படத்தை அனுமதி இல்லாமல் எடுத்துப் பரப்பிய சம்பவங்கள் போக்சோ வழக்கு வரை போயிருக்கின்றன. 'கொண்டு வந்தால்தானே இதெல்லாம்' என்று அவர் நினைப்பதில் தப்பில்லை.

ஆனால் இப்போதைய விதி அந்த ஆசிரியரையும் காப்பாற்றவில்லை. பிடித்த போனை எங்கே வைப்பது? பெரும்பாலும் அவர் மேஜை இழுப்பறையில், இல்லை ஹெச்.எம். அறை பீரோவில். திரை உடைந்தால், தொலைந்தால், உள்ளே இருந்த படம் வெளியே போனால் குற்றச்சாட்டு அவர் மேல். பூர்த்தி செய்யப் படிவம் இல்லை, பதிவேடு இல்லை, எத்தனை நாள் வைக்கலாம் என்ற வரம்பு இல்லை. பெற்றோர் வந்து சத்தம் போட்டால் காட்ட ஒரு காகிதம் இல்லை. விதி அவருக்கு அதிகாரத்தைக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. உண்மையில் ஆபத்தை மட்டும் கொடுத்திருக்கிறது.

போதாததற்கு அவர் கையிலேயே போன் இருக்க வேண்டிய கட்டாயம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வருகைப் பதிவே செயலியில்தான். எமிஸ் வேலை கற்பித்தல் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல முறை போராடியிருக்கின்றன. ஆசிரியர் காலையில் போனை எடுத்து நோண்டுவதைப் பார்க்கும் பிள்ளை, அவர் வருகைதான் போடுகிறார் என்று நம்பணும்.

பாடப்புத்தகத்தையும் பாருங்கள். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இருந்து புத்தகத்தில் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறோம். ஸ்கேன் பண்ணினால் வீடியோ வரும். 2023-ல் மணற்கேணி செயலி. வீட்டுப் பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. காலையில் 'போன் தொடாதே', மாலையில் 'போனில் பார்' என்று ஒரே துறை சொல்கிறது. இதில் முரண்பாடு இல்லை என்று வாதிடலாம், இடம் வேறு நேரம் வேறு என்று. சரி. அப்படியானால் விதியும் இடத்தையும் நேரத்தையும் பற்றித்தானே பேச வேண்டும்? பொருளைப் பற்றி ஏன் பேசுகிறது?

ஆய்வுகள் எதை அளந்தன

செல்போனைத் தடுத்தால் படிப்பு கூடுமா? இதில் இரு பக்கமும் ஆய்வை எடுத்து வீசுகிறார்கள். அந்த ஆய்வுகள் உண்மையில் எதை அளந்தன என்று பார்ப்பது உதவும்.

அதிகம் சொல்லப்படுவது லூயி-ஃபிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி இருவரும் 2015-ல் வெளியிட்டது. இங்கிலாந்தின் 4 நகரங்களில் 91 பள்ளிகள், சுமார் 1,30,000 மாணவர்கள். செல்போனுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு மதிப்பெண் சராசரியாகக் கொஞ்சம் கூடியது. பலன் முக்கியமாகப் படிப்பில் பின்தங்கியவர்களுக்கு. முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மாற்றமே இல்லை. இதே முறையை ஸ்வீடனில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. 2025-ல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 30 பள்ளிகளில் 1,227 பிள்ளைகளைப் பார்த்தார்கள். கடுமையான விதி உள்ள பள்ளிக்கும் தளர்வான பள்ளிக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. ஏனென்றால் பள்ளியில் விட்ட நேரத்தை வீட்டில் பிடித்துவிடுகிறார்கள், மொத்த நேரம் குறையவில்லை. ஆனால் மொத்த நேரம் கூடக் கூட மனநலமும் தூக்கமும் கெடுகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

நமக்கு இவற்றைவிடப் பயன்படுவது இந்தியாவிலேயே நடந்த ஒன்று. 2025-ல் வெளியானது. 10 உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 17,000 மாணவர்கள். சில வகுப்புகளில் கட்டாயமாக போனை வாங்கி வைத்தார்கள், மற்றவற்றில் வாங்கவில்லை. எந்த வகுப்பு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிப் பிரித்தார்கள், அதனால் ஒப்பீடு நம்பகமானது. வாங்கி வைத்த வகுப்புகளில் மதிப்பெண் கொஞ்சம் உயர்ந்தது. இங்கும் பலன் படிப்பில் பின்தங்கியவர்களுக்கே அதிகம்.

கவனியுங்கள். அவர்கள் செய்தது 'கொண்டு வராதே' இல்லை. கொண்டு வந்ததை வகுப்பு வாசலில் வாங்கி வைத்து, முடிந்ததும் கொடுத்தது. படிப்புக்குக் கிடைத்த பலன் முழுதும் அதிலேயே கிடைத்துவிட்டது. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வதால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று இந்த ஆய்வுகளில் தேடினேன். இவை அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் தடையின் செலவு மட்டும் நிச்சயம்: பஸ் ஸ்டாப்பில் இருட்டில் நிற்கும் பிள்ளை கையில் ஒன்றும் இல்லை.

நாங்குநேரிக்குப் பிறகு

தென் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை எழுதும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் கூடப் படித்தவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, பள்ளி, கல்லூரிகளில் சாதி வன்மத்தைத் தடுக்க 2024 ஜூன் 18-ல் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருந்து சாதியை எடுப்பது, கையில் வண்ணக் கயிறு கூடாது என்பது போன்ற பரிந்துரைகளோடு, பள்ளி வளாகத்தில் மாணவர்களின் செல்போனுக்குத் தடை என்பதும் அதில் உண்டு.

இந்தப் பரிந்துரையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதிப் பெருமைப் பாட்டை ஸ்டேட்டஸில் வைப்பதும், அரிவாள் பிடித்த ரீல்ஸும், அதற்குப் பதில் ரீல்ஸும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டப் பள்ளிப் பையன்களிடம் புழங்குவது எல்லாருக்கும் தெரியும். வகுப்பறைக்குள் அந்த வீடியோ கைமாறுவது கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவதைவிடக் கூர்மையான காயம். ஆகவே வளாகத்துக்குள் போன் இயங்கக் கூடாது என்பதில் சந்துரு குழுவோடு எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் இது எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்க்கணும். நாங்குநேரித் தாக்குதல் நடந்தது பள்ளியில் இல்லை, ராத்திரி, வீட்டில். ஸ்டேட்டஸ் வைப்பதும் சாயங்காலத்துக்கு மேலேதான். வாசலில் போனைப் பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்று ஒரு பள்ளி நினைத்துவிட்டால், அந்த வீடியோவைப் பற்றிப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய ஆள் யாரும் இல்லாமல் போய்விடும். சந்துரு அறிக்கையின் மற்ற பரிந்துரைகள் கடினமானவை, ஆட்கள் வேண்டும், அரசியல் துணிச்சல் வேண்டும். செல்போன் தடை சுலபம், செலவில்லை. சுலபமானதை மட்டும் செய்துவிட்டு அறிக்கையை அமல்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ளும் ஆபத்து இதில் இருக்கிறது.

பறிமுதல் என்ற சொல்

'திருப்பித் தர மாட்டோம்' என்பது சட்டத்தில் நிற்குமா? அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. ஒரு பேட்டியோ சுற்றறிக்கையோ சட்டம் ஆகாது. ஒரு நாள், ஒரு வாரம் வாங்கி வைத்துப் பெற்றோர் கையில் கொடுப்பது ஒழுங்கு நடவடிக்கை. ஒரேயடியாக வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

விலை உயர்ந்த பொருளை அரசு கையில் வாங்கும்போது எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு இந்தக் கடற்கரைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. முத்துக்குளிப்பு. கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 1961-ல். பிரிட்டிஷ் காலத்து நடைமுறை இது: குளியாளிகள் எடுத்து வந்த சிப்பியைக் கரையில் வேலியிட்ட இடத்தில் கொட்டி, எண்ணி, பங்கு பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி அரசுக்கு. குளியாளிக்கு அந்தப் பங்கு நியாயமா என்று தனியாக விவாதிக்கலாம், உழைத்தவனுக்குக் குறைவுதான். ஆனால் காலனி அரசுகூட எண்ணாமல் வாங்கவில்லை, உன் பங்கு எது என்று சொல்லாமல் விடவில்லை. எட்டாயிரம் ரூபாய் போனை ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் இருந்து வாங்கும்போது அந்த அளவு ஒழுங்காவது வேண்டாமா?

பாதுகாப்பு வாதத்துக்கும் எல்லை உண்டு

மறுபக்கத்தையும் சொல்லிவிடணும். 'பாதுகாப்புக்காக போன் வேண்டும்' என்ற வாதத்தைப் பெற்றோர்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். மாவட்டத்தின் பல இடங்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கையில் போன் இருந்தது, பேச முடியவில்லை. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் அரசே இந்த மாவட்டத்தில் இன்டர்நெட்டை நிறுத்தி வைத்தது. பெரிய ஆபத்தில் பிள்ளையைக் காப்பாற்றப் போவது போன் இல்லை. பள்ளியில் யார் இருக்கிறார்கள், பிள்ளை எங்கே நிற்க வேண்டும், யார் வந்தால் அனுப்பலாம் என்ற முன்னேற்பாடுதான் காப்பாற்றும்.

போன் உதவுவது சின்ன விஷயத்தில்: பஸ் போயிருச்சு, வயிறு வலிக்குது, ஸ்பெஷல் கிளாஸ் லேட். இந்தச் சின்ன விஷயங்கள்தான் தினமும் நடக்கின்றன. அதற்கு ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை. பள்ளி ஆபீஸில் பிள்ளைகள் கேட்டால் கொடுக்கும் ஒரு சாதாரண பட்டன் போன் இருந்தாலே பாதிப் பிள்ளைகளுக்கு போன் கொண்டு வரும் காரணம் போய்விடும். ஒரு போனுக்கு ஆகும் செலவு ஆயிரத்துச் சொச்சம்.

ஒரு பக்க விதி

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது எங்கள் தொழிலில் அழகில்லை, மாற்று எழுதிக் காட்டணும். எனக்குத் தோன்றுகிற விதி இது.

1. பள்ளி நேரத்தில், வளாகத்துக்குள் எந்த மாணவரும் செல்போனைப் பயன்படுத்தக் கூடாது. விலக்கு இல்லை, ஐந்தாம் விதியில் சொல்வதைத் தவிர.

2. வழியில் தேவைப்படுகிறவர்கள் கொண்டு வரலாம். பெற்றோர் வருஷத்துக்கு ஒரு முறை கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும்.

3. கொண்டு வந்த போனை அணைத்து வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கணும். அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டி, பூட்டு, ஒரு பதிவேடு. மாலையில் டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. பூட்டிய பெட்டியில் இருக்கும்வரை பொறுப்பு பள்ளியுடையது, தனி ஆசிரியருடையது இல்லை.

4. கொடுக்காமல் உள்ளே கொண்டு வந்தால் முதல் முறை அன்று மாலை திருப்பிக் கொடுத்துப் பெற்றோருக்குத் தகவல். இரண்டாம் முறை பெற்றோர் வந்து வாங்கணும். மூன்றாம் முறை ஒரு மாதத்துக்குக் கொண்டு வரும் அனுமதி ரத்து. எந்த நிலையிலும் போனைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. குற்றம் நடந்திருப்பதாகச் சந்தேகம் என்றால் அது போலீஸ் வேலை.

5. உடலில் ஒட்டிய சென்சார் வழியாக போனில் சர்க்கரை அளவு பார்க்கும் பிள்ளை, மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் பிள்ளை ஆகியோருக்கு எழுத்து மூலம் விலக்கு.

6. ஆசிரியர்களும் வகுப்பில் பாடத்துக்கும் வருகைப் பதிவுக்கும் மட்டும்.

7. ஆபீஸில் மாணவர்களுக்கென்று ஒரு போன். எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்கணும்.

ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தினமும் எத்தனை பேர் போன் கொடுப்பார்கள்? பெற்றோர் கையெழுத்து வேண்டும், ஆபீஸில் மாற்று போன் இருக்கிறது என்றால் அறுபது, எழுபதைத் தாண்டாது என்று மதிப்பிடுகிறேன். ஒரு ஆள், பதினைந்து நிமிஷம், காலையும் மாலையும். அந்த ஆள் எங்கிருந்து வருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இப்போது சோதனை போட்டு, பிடித்து, பெற்றோரை வரச் சொல்லி, சண்டை தீர்க்க ஆகும் நேரத்தையும் யாராவது கூட்டிப் பார்க்கட்டும்.

இதைத் தொடங்க சென்னையில் இருந்து அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கட்டடம், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைக்கலாம். உப்பளத்துக்குப் போகும் அம்மாவுக்கும், மீன் ஏலம் போடும் அக்காவுக்கும் தன் போன் எப்போது தன் கைக்கு வரணும் என்பது நன்றாகத் தெரியும். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் டைரியை எடுத்து செல்போன் பற்றிய வரியைப் படித்துப் பாருங்கள். வினைச்சொல் என்ன என்று மட்டும் பாருங்கள். 'கொண்டு வரக் கூடாது' என்றிருந்தால் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாங்கி வைத்தால் யார் பொறுப்பு?